மில்லு ரேடியோ

அம்மாவின் காதுமடலுக்குள் மாவு இருந்தது. மகள் ஈரத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அதைத் துடைத்தெடுத்தாள். காதை முடித்தால் புருவத்தில் மாவு, புருவத்தை முடித்தால் நெற்றியோரத்து முடியில் மாவு. முப்பது வருடமாக மாவு மில்லே கதியென்று இருந்தவள் உடம்பில் வேறு என்ன இருக்கும்?

"இந்த வாய் மூடி நான் பாத்ததே இல்லடி," என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா சீப்பைக் கீழே வைத்து அழுதாள். அம்மாவுக்கு ஒரே அக்கா அவள்.

அது பொய்யில்லை. அம்மாவுக்கு ஊர் வைத்த பெயரே மில்லு ரேடியோ. மெஷின் போடும் சத்தத்தையும் மீறி அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். "வாங்க தச்சரே, என்ன இன்னிக்குப் புது நீலச் சட்டை, பத்து கிலோ சோளம், ரெண்டு கிலோ கூட நிக்குது" என்று வாசலில் கால் வைக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள். தெருவில் அப்பாவோடு நடக்கும்போதும் அதே கதைதான். முன்னால் குழி இருக்கிறது, எதிரே டீக்கடைக்காரர் வருகிறார், ஆடு குறுக்கே படுத்திருக்கிறது என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவாள். அந்த மனுஷனுக்குக் கண் இல்லையா என்று ஊரே சிரிக்கும். மகளும் சிரித்திருக்கிறாள். டவுனிலிருந்து போன் பேசும்போது பத்து நிமிடத்துக்கு மேல் போனால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிக் கட் பண்ணியும் இருக்கிறாள்.

அப்பா அதற்கு நேரெதிர். அம்மா பக்கத்தில் இருந்தால் எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். தனியாக வாசலில் நின்றால், எதிரே யார் கையை ஆட்டினாலும் மரம் மாதிரி நிற்பார். நாலு வருடமாக அப்படித்தான். மில்லுக்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு. போன விடுமுறைக்கு வந்தபோது மகளின் சின்னப் பெண், தாத்தா மாவு அரைப்பதுபோல் ஒரு படம் வரைந்து கொடுத்தாள். அப்பா அதை வெள்ளைப் பக்கம் தன்னைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கும்மா" என்றார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் முகம் விழுந்துபோனது. அன்றிலிருந்து மகள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

"நாலடி," என்றாள் பெரியம்மா. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். "நாலே நாலடி தள்ளி இவ நெஞ்சடைச்சுச் சரிஞ்சு கெடந்திருக்கா. அந்த மனுஷன் அவர் பாட்டுக்கு மாவு அரைச்சிருக்கார். ஒரு மூட்டைய முழுசா அரைச்சு முடிச்சிருக்கார்டி! தச்சர் வந்து பாத்துக் கத்தினப்புறம்தான் திரும்பியிருக்கார். கல்லு கூட உருகும்."

வாசலில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மகளுக்குக் கோபம் பொங்கியது. பெரியம்மா மேல் இல்லை, அப்பா மேல்தான்.

உடுத்திவிடச் சேலை வேண்டும். அம்மாவிடம் நல்லதாக இருந்தது பச்சை ஒன்றுதான். மகள் வாசலுக்குப் போய், முகம் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மாவோட பச்சைச் சேலை எங்க இருக்கு?"

"நான் எடுத்துத் தரேன்," என்று அப்பா எழுந்தார்.

உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. சுவிட்சைத் தேடிக்கொண்டு மகள் வாசற்படியில் நிற்க, அப்பா அந்த இருட்டிலேயே நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். துணிகளை எடுத்துப் பார்க்கவில்லை. அடுக்கின் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவதில் நின்றார்.

"இந்தா. ரெண்டு பட்டன். பச்சை."

விளக்கு எரிந்தது. பச்சைதான். மடிப்பின் ஓரத்தில் சின்னச் சட்டைப் பட்டன்கள் இரண்டு, அம்மாவின் கோணல் தையலில். மகள் பெட்டியைப் பார்த்தாள். நீலத்தில் ஒன்று. பழுப்பில் மூன்று. அப்பாவின் சட்டைகளிலும் காலருக்கு உள்பக்கம் அதேபோல்.

"என்னப்பா இது?"

அவர் கண்கள் மகளின் முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில், சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மகள் சத்தமில்லாமல் ரெண்டு எட்டு நகர்ந்தாள். கண்கள் நகரவில்லை.

"அப்பா," என்றாள். இப்போது திரும்பின.

அவள் பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"சுத்தமா போய் ஒரு வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடியே ஓரமெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா மறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. வயசாகுதுன்னு நெனச்சோம். மருந்துக்கடையில எரிச்சலுக்குச் சொட்டு மருந்து குடுத்தான், அதையே விட்டுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரி போறதுன்னா ரெண்டு பஸ்ஸு, ஒரு நாள் மில்லப் பூட்டணும். நாளைக்கு, நாளைக்குன்னே போயிருச்சு. பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணு பாக்குற வண்டி வந்தப்போ உங்கம்மா இழுத்துட்டுப் போனா. டாக்டரம்மா பாத்துட்டு, கண்ணுக்குள்ள அழுத்தம், நரம்பு செத்துப் போச்சு, போனது போனதுதான்னுட்டாங்க. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா மிச்சத்தக் காப்பாத்தியிருக்கலாமாம்."

மூன்று வருடம் முன்பு அம்மா போனில் கேட்டது மகளுக்கு ஞாபகம் வந்தது. 'உங்க ஊர்ல பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்காமே, நல்லா பாப்பாங்களாடி?' அம்மாவுக்குத்தான் பார்வை கொஞ்சம் மங்குகிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள். 'அதுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி, கடையிலயே கண்ணாடி கெடைக்கும், வாங்கிப் போட்டுக்க' என்று சொன்னாள். அம்மா உடனே தச்சர் வீட்டுப் பசு கன்று போட்ட கதைக்குப் போய்விட்டாள்.

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"நான்தான் வேணாம்னேன். குருடன் ஓட்டுற மெஷினுக்கு எவன் தானியம் கொண்டு வருவான்? பெல்ட்டுல கைய விட்டுருவான்னு மில்லுச் சொந்தக்காரர் மறுநாளே சாவிய வாங்கிருவார். எனக்கு அரைக்க மட்டும்தாம்மா தெரியும். மாவு பதம் கைக்குத் தெரியும், கல்லு ஓடுறது காதுக்குத் தெரியும். மிச்சத்தை அவ சொல்லிருவா."

அது உண்மைதான். தானியத்தைத் தொட்டியில் கொட்டும் முன் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு கல் கிடந்தாலும் விரல் விடாது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "நேத்துக் காலைல சண்டை. இன்னிக்கு நம்ம பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் போறேன், என்னால தனியா சுமக்க முடியலன்னா உங்கம்மா. சொன்னா உன்னோட பேச மாட்டேன்னேன். சரி, அப்ப நானும் வாயத் தொறக்க மாட்டேன், எப்படி மில்லு ஓட்டுறீங்கன்னு பாப்போம்னா. தச்சர் மூட்டைய வெச்சுட்டுப் போனார். நான் தொட்டியில கொட்டினேன். அவ சத்தமே இல்ல. கோவம்னு நெனச்சேன்மா. எவ்வளவு நேரம் இருந்துருவான்னு நானும் வீம்புக்கு அரைச்சேன். தொட்டி காலியாச்சு. அடுத்து எதும்மான்னு கேட்டேன். அப்பவும் பேசல."

மகள் அந்தப் பச்சைச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வெளிய சொல்லிடாத," என்றார் அப்பா. "திட்டுறவங்க திட்டிட்டுப் போகட்டும். மில்லு போயிட்டா நான் செத்த மாதிரி."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "சரிப்பா," என்றாள்.

மதியம் அம்மாவை முற்றத்தில் பலகை மேல் கிடத்தினார்கள். அப்பாவை விட்டு நகரக்கூடாது என்றுதான் மகள் இருந்தாள். ஆனால் ஜுரத்தில் கிடக்கும் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் கணவர் டவுனிலிருந்து கூப்பிட்டார், அவள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் தச்சர் கூப்பிட்டுவிட்டார்.

"மில்லுக்காரரே, தூக்கப் போறோம். கடைசியா ஒரு தடவ முகத்தப் பாத்துக்குங்க."

அவள் திரும்பி வந்தபோது அப்பா கால்மாட்டில் மண்டியிட்டிருந்தார். போர்த்தியிருந்த வெள்ளைத் துணிக்கு மேல் அம்மாவின் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தார். தலை எந்தப் பக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"இப்ப கால்ல விழுந்து என்ன பிரயோஜனம்?" என்றாள் பெரியம்மா. கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். மன்னிப்புக் கேட்கிறார் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் சந்தேகமில்லை. இப்படியே விட்டால் ரகசியம் தப்பிக்கும், மில்லும் தப்பிக்கும். அப்பாவின் விரல்கள் நெற்றியைத் தேடிக் கட்டைவிரலில் போய் நின்றன. அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து மறுபக்கம் போனால் தெரிந்துவிடும். அவர் எழவில்லை. நெற்றியைத் தொடாமலே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். தோள்கள் குலுங்கியதிலேயே மகளுக்கு அது தெரிந்தது.

அவளால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, தல இந்தப் பக்கம்!" என்றாள். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டிய குரல் அது. அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. "எழுந்திருங்க. வலது பக்கம் நாலு எட்டு. மெதுவா, பலகை இடிக்கும். உட்காருங்க. இப்ப உங்களுக்கு நேர முன்னாடி."

முற்றத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா எழுந்தார். பிறகு நாலு எட்டு வைத்து உட்கார்ந்தார்.

"பச்சை உடுத்தியிருக்குப்பா. நடு வகிடு எடுத்து வாரியிருக்கு. இடது புருவத்துல கொஞ்சம் மாவு நிக்குது, எவ்வளவு தொடைச்சும் போகல."

அப்பா புருவத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து நெற்றி. அங்கிருந்து கன்னம்.

"வாய்?" என்று கேட்டார்.

"மூடியிருக்குப்பா."

"கோவமாவா?"

மகள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். அவருக்காகச் சொல்லும் சமாதானமாக அது இருக்கக்கூடாது.

"இல்லப்பா. தூங்கும்போது இருக்குமே, அப்படித்தான் இருக்கு."

பெரியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கடைக்காரர் தன் கடை வாசலிலிருந்து இத்தனை நாள் ஆட்டிய கையைப் பார்த்துக்கொண்டார். மில்லுச் சொந்தக்காரரும் கூட்டத்தில்தான் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையின் ஒரு முனையைத் தூக்க வந்தார். மில்லைப் பற்றி அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, நாளை என்ன சொல்வாரோ தெரியாது.

குழிவரை பாதை கரடுமுரடு. மகள் அப்பாவுக்கு ஒரு பக்கம் நடந்தாள், கல், சரிவு, வேலி என்று சொல்லிக்கொண்டே. பாதி வழியில் பெரியம்மா வந்து அவருடைய மறுபக்கத்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அப்பாவின் முறை வந்தது. மகள் குனிந்து ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் போடவில்லை. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கல்லு கெடக்கு," என்றார்.

குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். மண்ணை விரல்களால் அளைந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பக்கத்தில் போட ஆரம்பித்தார். மண்வெட்டியோடு நின்றவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.