பெயர் போடாத பக்கம்

ஜோகுபாளையத்தில் நான் நடத்தும் மாலை எழுத்து வகுப்புக்கு ஒரு முறை உண்டு. எழுதியவர் யாரென்று சொல்லாமல் கட்டுரையை நான் வாசிப்பேன். மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி எழுதித் தருவார்கள். எழுதியவர் அவற்றுக்கான பதில்களையும் சேர்த்து மறுபடி எழுதி வர வேண்டும். எல்லோருக்கும் பிடித்தால், பெயர் போடாமல் சமுதாயக் கூடத்தின் வெளிச்சுவரில் ஒட்டுவோம். தெருவில் போகிறவர்கள் நின்று படிப்பார்கள்.

வகுப்பு எடுக்க எனக்கு என்ன தகுதி என்ற சந்தேகம் தீர்ந்ததே இல்லை. அன்றன்று நடந்ததை டைரியில் எழுதிப் பார்த்தாலும் தீராது. அதனாலேயே முறையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புக்கு வரும் ஷில்பா பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு பி.காம். சேரக் காத்திருந்தாள். அவள் எழுதியது அவளுடைய அப்பா அசோகனைப் பற்றி. வைட்ஃபீல்டில் ஆபீஸ் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வேலை போய்விட்டது. வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. காலையில் யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பி, அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் திரும்புவார்.

வகுப்பில் வாசித்ததும் எல்லோரும் கேள்வி எழுதித் தந்தார்கள். அவர்களில் தேஜஸின் கேள்வி: ‘அவர் கையில என்ன இருக்கும்?’

நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. அடுத்த வாரம் ஷில்பா பதிலோடு வந்தாள். தண்ணீர் சூடாகாமல் இருக்க, பச்சை ஃபுட்பால் சாக்ஸை நனைத்து அதற்குள் பாட்டிலை நுழைத்து எடுத்துப் போவாராம்.

“இதப் போடணுமாக்கா?” என்று தனியாகக் கேட்டாள்.

“போட்டாத்தான் ஆள் கண்ணுக்குத் தெரியுறாரு. பேரு இல்லியே, பயப்படாதே.”

ஒட்டிய மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் கூடத்துக்கு எதிரே சின்னப்பா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அசோகன் வந்தார். தேய்த்த சட்டை, கையில் பச்சை சாக்ஸ். அந்தத் தெருவில் அப்படி ஒரு பாட்டில் அவரிடம் மட்டும்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இன்னாண்ணா, இன்னிக்கு ஏரியில டிராஃபிக் ஜாஸ்தியா?” என்றார் சின்னப்பா.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அசோகனும், என்ன விஷயம் என்று தெரியாமலே, கொஞ்சம் சிரித்தார்.

“அந்தாண்ட சுவத்துல பாருண்ணா, உன் டூட்டி சார்ட்டே போட்டுக்கீறாங்க” என்றான் ஒருவன்.

அவர் ரோட்டைக் கடந்து போய்ப் படித்தார். நிதானமாக, கடைசி வரி வரைக்கும். பிறகு ஏரிப் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தாளைக் கிழித்தேன். “கிய்ச்சு இன்னா பண்றது மேடம், எல்லார் போன்லயும் கீது” என்றார் சின்னப்பா. அவர் குரலில் கேலி போயிருந்தது.

ஷில்பா வகுப்புக்கு வரவில்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வரிசையாக யோசித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அசோகன் லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“தப்பு என் மேலதாண்ணா. அவள வகுப்புக்கு அனுப்புங்க.”

“கோவம்லாம் இல்லம்மா. எனக்கு வேலை கீதுன்னு சொல்லிக்கினு இருந்தவரைக்கும் இவள வேலைக்கு அனுப்ப முடியல. நாலு பேரு ஏன்னு கேப்பாங்க. இனிமே மறைக்க இன்னா கீது? இவளுக்கு வைட்ஃபீல்டுல ஒரு அபார்ட்மெண்ட்ல ஹவுஸ்கீப்பிங். சாயங்கால ஷிஃப்ட்.”

“காலேஜ்?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார், சுவரைப் பார்த்து.

அவர் என் மேல் கோபப்பட்டிருந்தாலாவது வாதாடியிருப்பேன்.

ஷில்பா சாம்பல் நிற யூனிஃபார்மில் வெளியே வந்தாள். அதன் தோள் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மெட்ரோவுக்கு நேரமாகிறது என்றாள். கூடவே நடந்தேன். தெருமுனையில் நின்றாள்.

“அக்கா,” என்றாள், “அந்தக் கட்டுரை நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு.”

அதில் பொய் இல்லை. அவள் தலையாட்டிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.