லைனில் இரண்டு குரல்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பினால் காலிங்பெல்லைத் தொடமாட்டார். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “வீட்டுல யாரு?” என்று குரல் கொடுப்பார். உள்ளே என் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்படியும் கேட்பார்.

“ம்ம், உங்க ரெண்டாவது சம்சாரம்!” என்று கத்திக்கொண்டே போய்க் கதவைத் திறப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். கேட்டுவிட்டு ஒரு நொடி அப்படியே நிற்பார், இன்னும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி. அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் வராது. ஊரில் இருக்கிற மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் வாயைத் திறக்க வைக்கிற மனுஷன், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார்.

பட்டாளத்தில் அவர் டெலிபோன் லைன்மேன். சண்டை நடக்கிற இடத்துக்குக் கம்பி இழுத்துக்கொண்டு போவதும், குண்டு விழுந்து கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடிப்போய் ஒட்டுப்போடுவதும்தான் வேலை. அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்களாம். இவரோடு போனவருக்குக் குச்சி என்று பட்டப்பெயர். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே பட்டாளத்துப் போட்டோவில் குச்சியின் தலை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவு உயரம். இவர் அவருடைய தோளுக்குக் கீழே நின்று, பல் தெரியச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் நேரில் பார்த்ததில்லை.

மலைமேல் ஒரு படை எதிரியிடம் சிக்கிக்கொண்டபோது, இவர்கள் இருவரையும் அந்தப் படைக்கு இரவல் கொடுத்தார்கள். ஆமாம், இரவல்தான். பாத்திரம் பண்டம் கொடுக்கிற மாதிரி. சொந்தப் பிரிவில், “அங்கே இருக்கிறார்கள், அவர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்” என்று விட்டுவிட்டார்கள். மலைமேல் இருந்த படையோ, “இவர்கள் நம் ஆட்களே இல்லையே” என்று விட்டுவிட்டது. அடுத்த வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்து யாருமே சோறு போடாத விருந்தாளியின் நிலைமைதான். அந்த மலையில் நின்ற சமையல்காரர், சலவைக்காரர் வரைக்கும் அத்தனை பேருக்கும் இரண்டு மெடல் கொடுத்தார்கள். இந்த இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

மெடல் இல்லாவிட்டால் போகிறது என்று இவர் இருந்துவிட்டார். ஆனால் குச்சி அந்த மலையிலிருந்து திரும்பவே இல்லை. குண்டு விழுந்த இடத்தில் உடம்புகூடக் கிடைக்கவில்லை. சொந்தப் பிரிவுக்காரர்கள் பார்த்தார்கள், போன இரண்டு பேரில் ஒருத்தன் வரவில்லை. ‘சொல்லாமல் போய்விட்டார்’ என்று ரெக்கார்டில் போட்டார்கள். அதாவது, ஓடிப்போனவன். இவர் அப்போதே தலையால் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நீ அந்த மலையில் இருந்ததற்கே ரெக்கார்டு இல்லையே என்று விரட்டிவிட்டார்கள், பாவிகள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், குச்சியின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்ததால்தான். நகரத்துப் பூங்காவில் அந்தப் போரில் செத்தவர்களின் பெயர்களைக் கல்சுவரில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அவள் போய்க் கேட்டிருக்கிறாள். பணிப்பதிவில் மெடல் ஏறியிருந்தால்தான் சுவரில் பெயர் ஏறும் என்று சொல்லிவிட்டார்கள். சிற்பிக்கு மாதக் கடைசி வரைக்கும்தான் வேலை. அதற்கப்புறம் சாரத்தைப் பிரித்துவிடுவார்களாம்.

“பள்ளிக்கூடத்துல ‘ஓடிப்போனவன் தங்கச்சி’ன்னுதான் கூப்பிடுவாங்க அண்ணா,” என்றாள் இவரிடம். “இப்ப எனக்கே பேரன் பேத்தி வந்தாச்சு. ஆனா எங்கண்ணன் ஓடுற ஆளு இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்.”

இவர் எழுந்து உள்ளே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். “எனக்கு என்னோட மெடல் வேணும்,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாண வீட்டில் இரண்டாம் முறை குழம்பு கேட்கக் கூச்சப்படுகிற மனுஷன்! “இத்தனை வருஷம் இல்லாத ஆசை இப்ப எங்கேருந்துங்க வந்துச்சு?” என்றேன்.

“நான் அங்க இருந்ததாவே ரெக்கார்டு இல்லையே. இல்லாத ஆளு சொல்ற சாட்சி எப்படிச் செல்லும்? முதல்ல நான் அங்க நிக்கணும். அப்பதான் அவனை என் பக்கத்துல நிறுத்த முடியும்,” என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

பணிப்பதிவு அலுவலகத்தில் ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. அதைப் பார்த்ததுமே இவருக்குக் கை பரபரத்தது, நான் முறைத்து அடக்கினேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். மேஜையில் பாதி குடித்து ஆறிப்போன டீ. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஆனால் அவள் நல்ல பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஐயா, நான் நம்புறேன். ஆனா நான் நம்பினா மட்டும் போதாதே. அந்த மலையில இருந்த அதிகாரி ஒருத்தராவது உங்களைத் தெரியும்னு சொல்லணும்,” என்றாள். 

அடுத்த வாரமே அவளே கூப்பிட்டாள். மலைமேல் பதுங்குகுழியில் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மேஜர் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். படுத்த படுக்கை, பார்வையும் போய்விட்டது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறதாம். எங்களை எதிரில் உட்காரவைத்து நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேஜைமேல் வைத்தாள்.

“அவங்க ரெண்டு பேர் முகத்தையும் நான் பார்த்ததே இல்லம்மா,” என்றது ஒரு கரகரத்த குரல். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். குரல் தொடர்ந்தது. “அவங்க கீழ கம்பியோட இருந்தாங்க, நான் மேல குழிக்குள்ள. பேரும் தெரியாது. லைன்ல வர்ற குரல்தான் தெரியும். வந்திருக்கிற ஆளைப் பேசச் சொல்லுங்க.”

இவர் எழுந்து நின்றார். முழங்கால் வலி என்று நேற்று வரைக்கும் புலம்பிய ஆள், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, கம்பம் மாதிரி நின்றார். போனைப் பார்த்துச் சொன்னார்.

“வீட்டுல யாரு?”

அடப்பாவி மனுஷா, தினமும் என் வாசலில் நின்று நீ கேட்டது இதுதானா!

“ம். அடுத்தது?” என்றார் மேஜர்.

“அது என்னோடது இல்ல சார்.”

“என்ன வார்த்தைன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“அப்ப சொல்லு. சொன்னா ரெண்டு பேருக்கும் இப்பவே எழுதித் தர்றேன்.”

இவர் வாயைத் திறக்கவில்லை. அதிகாரிப் பெண் குனிந்து, “சொல்லிடுங்க ஐயா, ஒரு வார்த்தைதானே?” என்று கெஞ்சினாள். நான் இடுப்பில் கிள்ளினேன். அசையவில்லை.

“அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லக்கூடாது சார். சொல்ல மாட்டேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சொல்லித் தொலைங்களேன்! அந்தப் பொண்ணு அண்ணன் பேருக்காக வாசல் வாசலா அலையுது, நீங்க இங்க வந்து வீம்பு புடிக்கிறீங்க!” என்று அலுவலகம் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

போனில் இருமல் மாதிரி ஒரு சத்தம். கிழவரும் அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எழுதிக்கோங்கம்மா. இவன்தான் அந்த முதல் குரல்.”

அதிகாரிப் பெண் விழித்தாள். மேஜரே விளக்கினார். “கம்பியை ஒட்டின உடனே முதல் ஆள் பாதி சொல்வான், ரெண்டாவது ஆள் மீதியைச் சொல்வான். அதைக் கேட்டாத்தான் லைன் நம்ம கையில இருக்குன்னு அர்த்தம். ஒரே குரல் ரெண்டையும் சொல்லிச்சுன்னா, ஆளு எதிரிகிட்ட மாட்டிக்கிட்டு அடிக்குப் பயந்து சொல்றான்னு அர்த்தம். உடனே லைனைக் கழட்டிடணும். அவங்க ரெண்டு பேரும் நானும் லைன்லயே பேசி வெச்சுக்கிட்ட ஏற்பாடு இது. வேற ஒருத்தருக்கும் தெரியாது. பொய் சொல்ல வந்தவனா இருந்தா, நான் ஆசை காட்டினதும் ரெண்டையும் ஒப்பிச்சிருப்பான்.”

அதாவது, அந்தக் கிழவர் சோதனை வைத்திருக்கிறார்! இவருக்கு அது சோதனை என்றே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

மேஜர் நிறுத்தவில்லை. “அன்னைக்குக் காலையில ரெண்டு குரலும் வந்துச்சு. ஓடிப்போறவன் லைன்ல வந்து பேசுவானா? மதியம் குண்டு விழுந்து லைன் செத்துப்போச்சு. ரொம்ப நேரம் கழிச்சு முதல் குரல் மட்டும் வந்துச்சு. ரெண்டாவது ஆள் எங்கடான்னு கேட்டேன். ‘அவன் இனிமே பேசமாட்டான் சார். லைன் சரியா இருக்கு, பேசுங்க’ன்னான். ஒத்தைக் குரலை நம்பக்கூடாதுதான். ஆனா அந்தக் குரலை நான் நம்பினேன். எந்தப் பக்கமா மலையிறங்கணும்கற உத்தரவு அந்த லைன்லதான் வந்துச்சு. அத்தனை பேரும் உசுரோட இறங்கினோம். கீழ வந்து லைன்மேன்கள் எங்கன்னு தேடினேன். அவங்க வேற பிரிவு, திரும்பிப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு நன்றிகூடச் சொல்லலைப்பா.”

“சொல்லிட்டீங்க சார்,” என்றார் இவர். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

இந்த மனுஷனைத்தான் கரண்ட் பில் கட்ட மறந்ததற்கெல்லாம் நான் வறுத்தெடுத்திருக்கிறேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி தூங்கிக்கொண்டிருந்தாள், பிழைத்துப்போனாள்.

“ஏங்க, அந்த மீதிப் பாதி என்னங்க?” என்று நச்சரித்தேன்.

“ம்ஹூம்.”

“நான் என்ன எதிரியா?”

“நீ எதிரி இல்ல. ஆனா அது அவனோடது,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரிப் பெண் நேரில் போய் மேஜரிடம் கைநாட்டு வாங்கினாள். இவர் பதிவில் இரண்டு மெடலும் ஏறின. இப்போது இவர் அந்த மலையில் இருந்தவர், இவர் சொல்லும் செல்லும். இவருடைய சாட்சியும் மேஜருடைய வாக்குமூலமும் சேர்ந்து குச்சியின் பதிவைத் திருத்தின. ‘சொல்லாமல் போய்விட்டார்’ போய், ‘பணியில் உயிர் நீத்தார்’ வந்தது. அவருக்கும் அதே இரண்டு மெடல். சாரம் பிரிப்பதற்கு முன்பே சிற்பி அந்தப் பெயரைச் செதுக்கி முடித்தார்.

பெயரைப் பார்க்க மூன்று பேருமாகப் போனோம். இஸ்திரி போட்ட சட்டையில் இவருக்கு நான்தான் இரண்டு மெடலையும் குத்திவிட்டேன், கொஞ்சம் கோணலாக. தங்கை அண்ணனின் மெடல்களைத் தன் தோளிலேயே குத்திக்கொண்டாள். சுவரில் அண்ணன் பெயரை எழுத்து எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தாள். கல்தூள் ஒட்டிய விரலைத் துடைக்காமலே வைத்திருந்தாள். இவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். இவர் முழங்காலுக்குத் தக்கபடி இருவரும் மெதுவாக நடந்து வந்தார்கள். அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமே என்று நான் முன்னால் வந்துவிட்டேன். காற்றில் அடுப்பு அணையாமலிருக்கக் கதவைச் சாத்தியிருந்தேன்.

வெளியே செருப்புச் சத்தம். வழக்கம்போல, “வீட்டுல யாரு?”

நானும் வழக்கம்போலக் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் உரக்க வந்தது.

“பசிக்குது, சீக்கிரம் தொறங்க!”

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வெளியே அவள் சிரித்துக்கொண்டே சொல்வது கேட்டது. “எங்கப்பா வேலை முடிஞ்சு வந்து வாசல்ல இப்படித்தான் கேப்பார் அண்ணா. பின்னாடியே எங்கண்ணன் பையைத் தூக்கிக்கிட்டு வந்து இப்படித்தான் கத்துவான். தினமும். உங்களுக்கு எப்படி இது...” அவள் பேச்சு பாதியில் நின்றுபோயிற்று.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கதவு நிலையில் நெற்றியைச் சாய்த்து நின்றார். தோள் குலுங்கியதில் மெடல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவள் பயந்துபோய், “அண்ணா, அண்ணா,” என்று அவர் கையைப் பிடித்திருந்தாள். 

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு, பல் தெரிய.

“லைன் சரியா இருக்கும்மா,” என்றார்.