கேமராவின் மேல் ஒரு துண்டு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்! வெற்றிசெல்வன் வீடு கட்டியதே ஒரு கூத்து. அவன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அறந்தாங்கிக்கு வெளியே, பாதி பிளாட்டுகளில் இன்னும் கருவேல மரம் மண்டிக் கிடக்கிற புது நகரில், வீடியோ காலிலேயே அஸ்திவாரம் தோண்டி வீடியோ காலிலேயே தளம் போட்டான். பொண்டாட்டி தனியாக இருக்கப்போகிறாளே என்று அவனுக்குத் திருடன் பயம். கொல்லைப்பக்கம் இரும்புக் கதவு. முன்பக்கம் முழுக்கக் கிரில், அதற்கு உள்பூட்டு. கரண்டு மீட்டரை எவனாவது வந்து நோண்டுவான் என்று அதையும் கிரிலுக்கு உள்ளேயே வைக்கச் சொன்னான். எலி நுழைய வேண்டுமென்றாலும் கார்த்திகாவிடம்தான் சாவி கேட்க வேண்டும்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவன், அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது திரும்பிப் போனான். மகன் நிலவழகனுக்கு இப்போது ஒன்றேகால் வயது. அப்பன் அவனை இதுவரை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

அதற்குப் பதிலாகத்தான் ஹாலில் ஒரு கேமராவை மாட்ட ஏற்பாடு செய்தான். குவைத்திலிருந்து அதில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். பிள்ளைக்கு அப்பா என்றால் சுவரின் உச்சியில் இருக்கும் அந்த வெள்ளைக் குமிழ்தான். அது “டேய் குட்டி” என்று கூப்பிட்டால் போதும், போட்டது போட்டபடி ஓடிவந்து, அண்ணாந்து நின்று இரண்டு கையையும் நீட்டுவான். “ப்பா, தூக்கு.”

பிள்ளைக்கு அப்பாவாக இருந்த அதே குமிழ் கார்த்திகாவுக்கு மாமியாராக இருந்தது. ஏன் இன்னும் குளிப்பாட்டவில்லை, ஏன் வெறுங்காலோடு திரிகிறான், ஏன் டிவி ஓடுகிறது என்று தலைக்கு மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பால் கொடுக்க முடியாது. போனை எடுக்கத் தாமதமானால் பக்கத்து வீட்டுச் செபமாலை அக்காவுக்கே போன் போட்டு, “அங்கிட்டு என்ன பண்றா அவ?” என்று விசாரிப்பான்.

அன்று காலையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. பல் முளைக்கிற நேரம், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் குமிழ் ஆரம்பித்தது.

“கார்த்தி, சளி இருக்குல்ல அவனுக்கு? தரையில விடாத. நல்ல வெந்நில குளிப்பாட்டு.”

“ஒருநா வந்து நீங்க தூக்கி வச்சிருந்து பாருங்க. அப்பறம் சொல்லுங்க” என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, பிள்ளையின் ஈரத் துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டாள். சொன்ன சொல் கொஞ்சம் அதிகம்தான் என்று இறங்கும்போதே தெரிந்தது. ஆனால் அவளும் மனுஷிதானே.

வெந்நீர் மட்டும் வைத்தாள். உப்புத் தண்ணீரில் கீசர் போய் ஒரு வாரம் ஆகிறது. சொன்னால் அதற்கும் வைவான் என்று அவள் கடைத்தெருவில் ஒரு ஹீட்டர் கம்பியை வாங்கி வந்து, அவனிடம் மூச்சு விடாமல் அதில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாத்ரூமில் வாளியை வைத்து, கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு, சுவிட்சைப் போட்டாள். பாத்ரூம் கதவு ஈரத்தில் உப்பிப் போயிருந்தது. இழுத்துச் சாத்தினாலும் சற்று நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். பிள்ளை ஹாலில் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தான். ராத்திரித் துணியெல்லாம் அலசிக் குவிந்திருந்தது. ரெண்டு நிமிஷம்தானே என்று துணி வாளியோடு கொல்லைக்குப் போனாள்.

முதல் துணியைக் கொடியில் போடும்போது பின்னால் ‘டங்’ என்று இரும்புக் கதவு சாத்தியது. ஓடிவந்து தள்ளுவதற்குள் கீழே ‘டொக்’ என்று இன்னொரு சத்தம். கதவின் அடித் தாழ்ப்பாள் தரையிலிருக்கும் குழிக்குள் இறங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே அந்தத் தாழ்ப்பாள்தான் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான். இறக்கத் தெரியும் அவனுக்கு, தூக்கித் திருப்பத் தெரியாது.

“டேய் நிலா! அம்மாடா! கதவைத் தொறடா!”

உள்ளே கெக்கெக்கே என்று சிரிப்பு. அப்புறம் தபதபவென்று ஓடும் காலடி.

அப்போதுதான் அவளுக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. இந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாளி கண்டால் கையை விடாமல் இருக்கவே மாட்டான். கரண்டு ஓடுகிற தண்ணீரில் ஈரத் தரையில் நின்று கையை விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். அந்த ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. கம்பி வழியாக ஹாலின் ஒரு மூலை தெரிந்தது. பாத்ரூம் கதவு ஒரு சாண் திறந்து, இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. “நிலா” என்று கூப்பிட்டாள். குரல் கேட்டதும் பிள்ளை மூலையிலிருந்து வந்தான். ஜன்னலைப் பார்க்கவில்லை. அம்மா குரல் எங்கிருந்து வருகிறதென்று தேடி, நேரே பாத்ரூம் கதவைப் பார்த்து நடந்தான். தினமும் அந்த நேரத்தில் அம்மா அங்கிருந்துதானே கூப்பிடுவாள். கார்த்திகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை கதவருகே நின்றான், ஆவியைப் பார்த்தான். அப்புறம் காலில் இடறிய டப்பாவை எடுக்கக் குனிந்தான்.

பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத பாவியாகி விட்டோமே என்று அழுகை முட்டியது. அழ நேரமில்லை. முன்பக்கக் கிரில் சாவியும் வீட்டுக்குள்ளேதான். வேலியைத் தாண்டி ஓடினாள்.

செபமாலை அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். இவள் வந்த கோலத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், “மாதாவே! ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடுவமா?” என்றாள்.

“அவங்க வர்ற வரைக்கும் அவன் சும்மா இருப்பானாக்கா? மொதல்ல இவருக்குப் போடுங்க. நீங்கதான் நம்பர் வச்சிருக்கீங்களே.”

புருஷன் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவதை நினைத்து எத்தனை நாள் எரிச்சல்பட்டிருப்பாள்! அந்த நம்பர்தான் இப்போது உதவியது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“என்னங்க, புள்ள உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிட்டான். நான் வெளிய நிக்கிறேன். பாத்ரூமுல ஹீட்டர் கம்பி ஓடுதுங்க.”

“ஹீட்டர் கம்பியா? கீசர் என்னாச்சு?”

“ஓடலை. ஒங்ககிட்டச் சொல்லலை. என்னைய அப்பறமா வைங்க. இப்ப கேமராவுல பேசி அவனை ஹால்லயே நிறுத்துங்க. நான் கூப்பிட்டா பாத்ரூமுக்குப் போறான். ஒங்க கொரலுக்குத்தான் அங்கிட்டு வருவான்.”

வைய ஆயிரம் இருந்தது அவனுக்கு. ஒன்றையும் வையவில்லை.

“கேமராவுல எனக்கு ஒண்ணும் தெரியலையே கார்த்தி. துண்டுல்ல கெடக்கு.”

“தெரியாட்டிப் பேசுங்க. அவனுக்குக் கேக்கும்.”

“சரி. நீ மெயினை இறக்கு. துரட்டி கெடைச்சா கிரில் வழியா விட்டு இழு. ஆனா மெயினை இறக்குனா கேமராவும் செத்துரும். அதுக்கு இன்வெர்ட்டர் லைன் குடுக்கலை. பரவாயில்லை, இறக்கிரு. போனை வை, நான் கேமராவுல போறேன்.”

செபமாலை அக்கா முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். கார்த்திகா துரட்டியை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க கொல்லைக் கதவுக்குப் போங்கக்கா. அடித் தாழ்ப்பாள் மட்டுந்தான் விழுந்துருக்கு.”

முன்பக்கம் வந்தபோது உள்ளேயிருந்து ஆட்டுச் சத்தம் கேட்டது. “ம்மே... ம்மேஏஏ... டேய் குட்டி, அப்பாகிட்ட வா. ஆடு பாரு, ஆடு... ம்மேஏஏ!” செபமாலை அக்காவின் ஆட்டைப் பார்த்துப் பார்த்து அந்தச் சத்தம் என்றால் பிள்ளைக்குக் கொள்ளை ஆசை. குவைத்தில் பஸ் நிறைய ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்க, அவ்வளவு பேர் நடுவில் வெட்கத்தை விட்டு ஆடு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான் வெற்றிசெல்வன். உள்ளே பிள்ளை சிரித்தான். சிரிப்பு ஹாலில்தான் கேட்டது.

கிரில் கம்பிக்குள் துரட்டியை நுழைத்தாள். மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில், உயரத்தில் இருந்தது. மூங்கில் நுனி ஆடியது. முதல் தடவை கொக்கி சறுக்கி மீட்டர் பெட்டியில் இடித்தது. இரண்டாவது தடவை கைப்பிடிக்கு மேலே போய்விட்டது. தோளைக் கம்பியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மூன்றாவது தடவை விட்டாள். சிசேரியன் தழும்பு இழுத்தது. கொக்கி கைப்பிடியில் மாட்டிக்கொண்டது.

இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இழுக்கக் கை வரவில்லை.

இழுத்தால் அந்தக் குரல் நின்றுவிடும். குரல் நின்றால் பிள்ளை எங்கே போவான்? கரண்டு போனாலும் வாளியில் கொதித்த தண்ணீர் அப்படியேதானே இருக்கும். இழுக்காவிட்டால், அவன் எவ்வளவு நேரம் ஆடு கத்துவான்? பிள்ளைக்குச் சலித்துவிட்டால்? எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

“ம்மேஏ... எங்கடா போறே? இங்கிட்டு வா, இங்கிட்டு வா...” உள்ளே குரல் பதறியது. துண்டு மறைத்ததால் அப்பனுக்கு எதுவும் தெரியாது, காலடி ஓசைதான் கேட்கும். பிள்ளை நகர்ந்துவிட்டான் போலிருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ‘டக்’ என்று இறங்கியது. ஆட்டுக்குரல் பாதியில் அறுந்தது. ஃப்ரிட்ஜின் முனகலும் நின்றது.

துரட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். செபமாலை அக்கா கடப்பாரையைக் கதவிடுக்கில் வைத்து நெம்பிக்கொண்டிருந்தாள். கதவு அசைவேனா என்றது. “என்ன கதவுத்தா இது! ஜெயிலுக்குச் செஞ்ச மாதிரியில்ல செஞ்சுருக்கான் ஒம் புருஷன்.”

உள்ளே, “ப்பா... ப்பா...” என்று பிள்ளை அழத் தொடங்கினான். அழட்டும், அழுதால் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும். ஆனால் அழுகையும் சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தைப் போல ஒரு கொடுமையை அவள் பிரசவ வலியில்கூட அனுபவித்ததில்லை.

கதவைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் தரை கண்ணில் பட்டது. அந்த வாசற்படிக் கல்லைத் தினமும் துடைப்பவள் அவள்தான். தாழ்ப்பாள் குழிக்குத் துளை போடும்போது கொத்தனார் கல்லின் ஓரத்தை உடைத்துவிட்டு, வெள்ளை சிமெண்டை வைத்து ஒட்டியிருந்தார். துடைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு ஆடும். வீடியோ காலில் அது தெரியாது. அவளும் அவனிடம் சொன்னதில்லை.

“கதவை விடுங்கக்கா. இங்க, கல்லுல குத்துங்க.”

அக்கா ஒரு குத்து குத்தினாள். கடப்பாரையைப் பிடுங்கி இவள் ஒரு குத்து குத்தினாள். தையல் போட்ட வயிறு, பாரம் தூக்காதே என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் காற்றோடு போனது. நாலாவது குத்தில் கல் பெயர்ந்தது. இரண்டு பேரும் தோளைக் கொடுத்து மோதினார்கள். தாழ்ப்பாள் கல்துண்டோடு சேர்ந்து உள்பக்கம் போய்விட, கதவு திறந்துகொண்டது.

முதலில் பாத்ரூமுக்குத்தான் ஓடினாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாளியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. வாளிக்குப் பக்கத்தில் பிள்ளையின் டப்பா ஒன்று கிடந்தது. பிள்ளை இல்லை. இங்கே வரைக்கும் வந்திருக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினாள்.

நிலவழகன் கேமராவுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. அண்ணாந்து அந்தத் துண்டையே பார்த்தபடி, இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, அசையாமல் நின்றான். கத்திய ஆடும் இல்லை, அப்பாவும் இல்லை. இருந்தாலும் நின்றான்.

வாரி எடுத்து, தலை, கை, கால், விரல் என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. செபமாலை அக்கா போய் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

படுக்கையறையில் கார்த்திகாவின் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. எடுத்தாள்.

“புள்ள...” என்றான்.

“இருக்கான்ங்க. நல்லா இருக்கான். என் இடுப்புலதான் இருக்கான்.”

ஊரையே அதட்டுகிறவன் பஸ்ஸில் விசும்புவது கேட்டது. யாரோ இந்தியில் என்னவோ கேட்டார்கள். அவன் அவளிடம், “பாத்ரூமுக்குப் போனானா?” என்றான்.

“போயிருக்கான். திரும்பி வந்துட்டான். ஒங்க கேமராவுக்குக் கீழ கையத் தூக்கிக்கிட்டு நின்னான்ங்க. நீங்க தூக்குவீங்கன்னு.”

காலையில் சொன்னதை நினைத்து அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த பிள்ளை போனில் வரும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினான். “ப்பா, தூக்கு.”

“கேட்டுச்சா?” என்றாள்.

“ம்.”

“மெயினைப் போட்டுட்டு அந்தத் துண்டை எடுத்துர்றேங்க. நீங்க அவனைப் பாருங்க.”

“வேணாம் கார்த்தி” என்றான் வெற்றிசெல்வன். “அது அங்கயே கெடக்கட்டும். நான் வந்து எடுத்துக்கிறேன்.”

எப்போது என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கிரிலைத் திறந்துவைக்கச் சாவியைத் தேடப் போனாள்.