ஆடிக்கூழுக்கு ஒரு மரவை

கொக்குவில் கடைசல்காரர் பரமலிங்கம் பேச்சில் கஞ்சன், கோபத்தில் மட்டும் தாராளம். உலக யுத்தத்தில் திருகோணமலையில் குண்டு விழுந்த வருடம், மனைவி தங்கமுத்து கூழ் குடிக்க ஒரு மரவை, மரக் கிண்ணம், கடையத் தொடங்கினார்.

காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து தங்கமுத்துவின் கைகள் நடுங்கின. முந்திய ஆடிப்பிறப்புக்கு வீடே முற்றத்தில் சுற்றியிருந்து பலாவிலையில் கூழ் குடித்தபோது, அவள் இலை கவிழ்ந்து சேலையெல்லாம் கூழ். சிரித்தது சிறுசுகள்தான். ஆனாலும் பாவம், அன்றிலிருந்து அவள் அடுப்படியில் தனியே, சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாள். இந்த ஆடிக்காவது அவளை எல்லாரோடும் இருத்திவிட வேண்டும் என்று மனுசனுக்கு ஒரே பிடி.

வேலிப் பூவரசைத் தறித்தார். ஈர மரத்தை நம்பக்கூடாது. அதனால் முதலில் தடிப்பாகக் கடைந்து, அதன் சீவலுக்குள்ளேயே புதைத்து, சாக்கில் கட்டி நிழலில் வைத்தார். ஆறுதலாக, மெல்ல மெல்லக் காய்ந்தபின் மறுபடி கடைந்தால் வெடிக்காது, கோணாது.

அவர் தங்கை நல்லம்மா உதவிக்கு ஓடித் திரிகிறவள். சாக்குக்குள் மரவை பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று, முற்றத்து மிளகாய்ப் பாயில் அதையும் வெயிலுக்கு வைத்தாள். யாழ்ப்பாணத்தில் வெயிலில் காயாத பண்டம் ஏது? பின்னேரம் மரவை விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது.

"மூளையையும் சேர்த்துக் காய வைச்சனியோ?" என்று குதித்தார் பரமலிங்கம்.

"மச்சாளுக்கெண்டோ, வெயில் படக்கூடாதெண்டோ ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, அண்ணை," என்று நல்லம்மா அழுதாள். உண்மைதான். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமைதான், ஏழே நாள், இருந்தது. மீதிக் கட்டை கிணற்றடிச் சேற்றில் ஈரம் காயாமல் கிடந்தது. ஒரேயடியாக மெல்லிசாகக் கடைந்தால் வெடிக்காது, ஆனால் காயும்போது கோணும். கோணினால் கோணட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைந்தார். வட்டமாகக் கடைந்தது, ஆடிப்பிறப்பன்று இரண்டு பக்கமும் ஒடுங்கி நெளிந்து நின்றது. தொழில்காரனுக்கு இதைவிட மானக்கேடு வேண்டுமா? அடுப்படியில் மனைவியருகே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கமுத்து இரண்டு கையாலும் எடுத்தாள். ஒடுங்கிய பக்கங்கள் உள்ளங்கைகளுக்குள் வந்து அடங்கின.

"என்ரை கைக்கு எப்ப அளவெடுத்தனீங்கள்?"

வாழ்நாளில் வேலையைப் பற்றிப் பொய் சொல்லாத மனுசன், "நீ நித்திரையா இருக்கேக்கை," என்றார்.

அவள் முற்றத்துக்கு வந்து சிறுசுகளுக்கு நடுவே இருந்தாள். கூழ் மடியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்தது. அவள் எழும்பவில்லை.

"நல்லம்மா, இன்னும் ஒரு அகப்பை விடு," என்று மரவையை நீட்டினாள்.