செவ்வாய்க்குப் போக இருந்த மருமகன்

கெலிஓயா கடைத்தெருவில் ஃபோன் பழுது பார்க்கும் ஷிராஸ் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகப்போகிறான் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னாலேயே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வெளிநாட்டில் ஏதோ ஒரு கம்பனி ஆள் சேர்த்தது. போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது, அதுதான் நிபந்தனை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்ததில் ஷிராஸ் முதல் வடிகட்டலைத் தாண்டிவிட்டான். பத்திரிகையில் படமும் வந்தது. ஃபோன் கண்ணாடி மாற்ற வந்தவர்கள்கூட அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே தொழ கிப்லா எந்தப் பக்கம், நோன்பு எப்போது திறப்பது என்று தேநீர்க் கடையில் அவன் வாயைக் கிளறினார்கள். ஷிராஸும் சளைக்காமல் பதில் சொன்னான். எடையில்லாமல் மிதந்து போகிற மாதங்களில் எலும்பு தேயும், கதிர்வீச்சு உடம்பைத் துளைக்கும், மூச்சுக்காற்றைக்கூட மெஷினில்தான் செய்ய வேண்டும் என்று அவன் அடுக்க அடுக்க, கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். சின்ன வயதில் வானத்தைப் பார்த்து வாய் பிளந்தவன்தான் அவனும். அந்த ஆசை பொய்யில்லை. ஆனால் இப்போது அந்தப் பிளந்த வாய்களுக்காகவே அவன் செவ்வாயைத் தாண்டியும் போயிருப்பான். அந்த நாட்களை இன்று நினைத்தால் முகத்தை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியாது.

வீட்டில் மட்டும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சும்மா பேருக்குத்தான், நம்மையெல்லாம் எடுக்கப்போகிறார்களா என்று மனைவி பஸீஹாவிடம் சொல்லி வைத்திருந்தான். வீடு அவளுடைய தாய் உம்மு குல்சுமின் வீடு. ஷிராஸ் அங்கே வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் மவுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்ததால் மாமி பின்னறையில் இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் ஒதுங்கி இருக்கும் காலம் அது. மருமகன் அந்நியனில்லை, தாராளமாக உள்ளே போய் உட்காரலாம். ஷிராஸ் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கதவருகே நின்று சுகம் விசாரித்துவிட்டு, கடையில் வேலை தலைக்கு மேல் என்று நழுவிவிடுவான். அந்த அறையின் அசையாத காற்று அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் சுற்று நேர்காணல் கணினியில், முகம் பார்த்து நடப்பது. கடைத்தெரு இரைச்சல் அதற்குச் சரிப்படாது. இத்தா வீடு அமைதியான வீடு என்பதால் அங்கேயே முன்னறையில் வைத்துக்கொள்ள முடிவு செய்தான். ஆங்கிலத்தில் தடுமாறி மானம் போக வேண்டாமென்று, தமிழில் பேச அனுமதியும் கேட்டு வாங்கினான். மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வைத்தார்கள். பெரிய புத்திசாலி! ஆங்கிலத்தில் உளறியிருந்தால் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

ஏன் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண். மனிதன் ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கப் பிறந்தவனில்லை என்று ஆரம்பித்து ஷிராஸ் நன்றாகவே பேசினான். ஏழு மாதம் ஒரு சின்னக் கூட்டுக்குள் அடைந்து கிடக்க முடியுமா என்றாள்.

"எங்கட ஊட்டுப் பொம்புளைகள் மாசக் கணக்கா ஒரே அறைக்குள்ள இரிப்பாங்க. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்" என்றான்.

எங்கிருந்து வந்ததோ அந்தப் பதில், அவனுக்கே பெருமையாக இருந்தது. உங்கள் பிரிவால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பது கடைசிக் கேள்வி.

"மகளுக்கு மூணு வயசு. கொஞ்ச நாள் தேடுவா. பொறகு பழகிருவா."

மனைவியும் அப்படித்தான் என்று சேர்த்துக்கொண்டான்.

கணினியை மூடிவிட்டுத் திரும்பினால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பஸீஹா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பால் தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. கோப்பையை மேசையில் வைத்தாள். சண்டை பிடித்திருந்தால் தப்பித்திருப்பான். சண்டைக்கு அவனிடம் பதில் இருந்தது. அவளோ கடையில் என்ன சாமான் வாங்க வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"நீங்க போன பொறகு நான் இத்தா இரிக்கணுமா, வாணாமா?"

"நான் மவுத்தாகல்லயே, பஸீஹா."

"உம்மாக்கு ஒரு கணக்கு இரிக்கிது. நாலு மாசம் பத்து நாள், பொறகு வெளிய வருவாங்க. எனக்கு எத்தன நாள்?"

கிப்லாவுக்கும் நோன்புக்கும் பதில் வைத்திருந்தவன் தரையைப் பார்த்தான். எலும்பு தேய்வதைப் பற்றியெல்லாம் யோசித்தவனுக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதுதான் அவனைக் கொன்றது. பஸீஹா பதிலுக்குக் காத்திருக்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் பின்னறைக் கதவும் திறந்தே கிடப்பதைப் பார்த்தான். மாமி தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய துக்கத்தைத் தன் தகுதியாகக் காட்டி மார்க் வாங்கப் பார்த்தது அவர் காதிலும் விழுந்திருக்கும். தப்பி ஓடக் கடை இருந்தது. ஆனாலும் உள்ளே போனான். "மாமி, நான்..." என்றான். அவர் நகர்ந்து இடம் விட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

மாமனாரின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. மணி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு மூச்சு முட்டியது. இரண்டு மாதமாக இவர் இதற்குள் எப்படி இருக்கிறார் என்று இப்போதுதான் நினைத்தான். சட்டைப்பையிலிருந்த ஃபோனைத் தொடவும் வெட்கமாக இருந்தது.

வெளியே மகள் தூக்கத்திலிருந்து எழும்பி வாப்பாவைத் தேடினாள். முன்னறையில் காணாமல் இந்தக் கதவுக்கு வந்து தட்டினாள். திறக்கவில்லை என்றதும் பெருங்குரலில் அழுதாள். ஷிராஸ் துடித்துக்கொண்டு எழுந்தான்.

மாமி மணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரிங்க மருமகன்" என்றார். "அவ பழகிருவா."