பிளேட்லெட் பதினாலாயிரம்

டாக்டர் எழில்மொழி ரத்தப் பரிசோதனைத் தாளை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய பிளேட்லெட் பதினாலாயிரம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் தேசப்பன் அதைப் படித்துவிட்டு, கட்டிலில் கிடந்த மகள் ஜோதிகாவைப் பார்த்தார். திருவொற்றியூர் முழுக்க டெங்கு. வார்டில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை.

"கீழ நம்ம படகு ஆளுங்க ஆறு பேரு நிக்கிறாங்கோ. ரத்தம் எடுத்துக்கினு பிளேட்லெட்டு ஏத்திடுமா."

"இப்ப வேணாம்ணா. இவளுக்கு எங்கயும் ரத்தம் வரல. இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஏத்தியும் ஏத்தாமலும் ரெண்டு குழுவா வெச்சுப் பாத்திருக்காங்க. ஏத்தினதால ரத்தக்கசிவு ஒண்ணும் குறையல. ஒவ்வாமைதான் கூட வந்துச்சு."

"புக்குல கீறத என் பொண்ணு மேல பாக்காத. எதுனா ஆச்சுன்னா நீ ஜவாப்தாரியா?"

"ஆமா," என்றாள்.

அவளைப் பயமுறுத்தியது வேறோர் எண். ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் அளவு காலையில் முப்பத்தெட்டு; இப்போது நாற்பத்தேழு. காய்ச்சல் விட்ட நேரத்தில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. ஜோதிகாவின் கை சில்லிட்டிருந்தது. பிரஷர் நூறுக்கு எண்பத்திரண்டு; இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிவிட்டது. எடையைக் கணக்கிட்டு, ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் சலைன் இறங்கும்படி வைத்தாள். குறைந்தால் உயிருக்கு ஆபத்து. கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அப்போது மூன்றாவது கட்டிலில் லட்சுமணன் என்பவர் ரத்தமாக வாந்தியெடுத்தார். அவருக்கும் டெங்குதான். எழில்மொழி தேசப்பனிடமே திரும்பி வந்தாள்.

"அண்ணா, உங்க ஆளுங்கள அவருக்குக் குடுக்கச் சொல்லுங்க."

"அவுருக்கு ஏத்துவ, என் பொண்ணுக்கு மாட்டியா?"

"அவருக்கு ரத்தம் போவுது. ஜோதிகாவுக்குப் போனா நீங்க கேக்காமயே ஏத்துவேன்."

தேசப்பன் படியிறங்கினார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தாள். கால் மணி நேரத்தில் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. லட்சுமணனுக்குக் கொடுக்க ஆறு பேரும் வந்திருக்கிறார்களாம்.

ஒரு மணி நேரம் கழித்து ஜோதிகாவின் பிரஷர் நூற்றுநான்குக்கு எழுபது. சலைன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். மாலையில் அடர்த்தி நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. பிளேட்லெட்டும் பதினோராயிரத்துக்கு இறங்கியது. தேசப்பன் தாளைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டார். மகளின் கையைத் தொட்டு, "சூடு வந்துகீது," என்று மட்டும் சொன்னார்.

லட்சுமணனுக்கு மறுநாள் ரத்தம் நின்றது. மூன்றாம் நாள் ஜோதிகாவின் பிளேட்லெட் தானாகவே ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

"ஏத்தியிருந்தா முந்தாநேத்தே ஏறிருக்கும்," என்றார் தேசப்பன்.

எழில்மொழி வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.