நன்னாவுக்கு நான் வைத்த தேதி

1

இந்தக் கதை ஒரு கேஸ் சிலிண்டர் ரசீதிலிருந்து தொடங்கியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

போன கோடையில் ஒரு சிற்றிதழுக்காக என் நன்னாவைப் பற்றி, அதாவது அம்மாவின் அத்தாவைப் பற்றி, கதை எழுதினேன். (எங்கள் வீடுகளில் அப்பாதான் அத்தா; மகனையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவோம்.) அவர் பெயர் நத்தர்ஷா ராவுத்தர். 1941இல் பட்டாளத்தில் சேர்ந்து, ரோடு போடும் கம்பெனியோடு பர்மா போனார். அப்போது அம்மா எட்டு மாதக் குழந்தை. ஜப்பான்காரன் வந்ததும் பட்டாளம் பின்வாங்கியது. நன்னா திரும்பவில்லை. காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் கதைக்கு இது போதாதே. ஆள் சாக வேண்டும், அதுவும் ஏதாவது ஒரு நாளில் சாக வேண்டும். '1942 மே மாதம்' என்று எழுதிவிட்டு மேஜையைப் பார்த்தேன். கேஸ் ரசீதில் மே 3 என்றிருந்தது. "மே மூன்றாம் தேதி அதிகாலையில் நத்தர்ஷாவின் மூச்சு நின்றது" என்று முடித்தேன். வாக்கியம் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

(பெரியகடை வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது என் தொழில். முப்பது வருடத்தில், வீட்டுக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போடாத ஒரு தேதியைக்கூட நான் அச்சில் ஏற்றியதில்லை. கதை என்றதும் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ.)

2

அம்மாவின் பெயர் கமருன்னிசா. எண்பத்து நான்கு வயது, கண்ணில் பார்வை பாதிதான். அடுத்த வீட்டு அக்னஸ் டீச்சர், ரிட்டயரான தமிழாசிரியை, சாயங்காலம் வந்து ஏதாவது வாசித்துக் காட்டுவார். என் கதைகளும் அதில் சேர்த்தி. இதழுக்குப் போகுமுன் என் ஒற்றுப்பிழைகளைத் திருத்துவதும் அவர்தான்.

[டீச்சர், இந்தத் தாள்களும் உங்கள் கைக்குத்தான் வரப்போகின்றன. அம்மாவிடம் வாசிக்காமல், முதலில் கடைசி வரைக்கும் மனதுக்குள் படித்துவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.]

அந்தக் கதை வந்த மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தலையில் முக்காட்டோடு எனக்காக உட்கார்ந்திருந்தார்.

"ஆரிஃபு, தேதி கெடச்சுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அத்தா."

"எந்தத் தேதிம்மா?"

"மே மூணு. டீச்சர் ரெண்டு தடவை வாசிச்சாங்க. பள்ளிவாசல் அஜ்ரத்துக்கிட்ட கேட்டுப் பிறைக் கணக்கும் பாத்தாச்சு. முகைதீன் மாசம் பிறை பதினாறு வருது."

எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு வருடா வருடம் அந்தப் பிறையில் பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு ஆக்கிப் பத்துப் பேருக்குக் கொடுப்பது வழக்கம். நன்னாவுக்கு மட்டும் இதுவரை ஓதியதில்லை. மௌத்தானது நிச்சயமாகத் தெரியாமல் ஓதினால் நாமே அவரைக் கொன்றதாகிவிடும் என்று நன்னி, அவருடைய மனைவி, அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

'அது கதைம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசிவிட்டார்.

"எங்க அத்தாவுக்கு மகளா நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. அவர் குரல் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. ஒரே ஒரு பாத்திஹா ஓதிட்டேன்னா நிம்மதியாப் போயிடுவேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.*

* அந்த நிமிடம் எனக்குள் ஓர் அற்ப சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. ஒரு வாசகர் என் வாக்கியத்தை முழுதாக நம்பிவிட்டாரே! அந்த சந்தோஷத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

3

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகும் தெருவில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு

இல்லை, மழை இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். மறுபடியும் தொடங்குகிறேன்.

போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியவர் சரத்குமார், ஸ்ரீரங்கம். "சார், நீங்க எழுதின நத்தர்ஷா எங்க வீட்லயும் இருக்காரு. அம்மா உங்களைப் பாக்கணுங்கிறாங்க" என்றார். பஸ் பிடித்துப் போனேன்.

அவருடைய அம்மா ரங்கநாயகிக்கு எழுபது வயதிருக்கும். மோர் கொடுத்துவிட்டு, எடுத்த எடுப்பில் விமர்சனத்தை ஆரம்பித்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அதுல எங்க அப்பா இல்லியே."

அவருடைய அப்பா பெரியண்ணன், உப்பிலியபுரத்துக்காரர். நன்னாவோடு ஒரே கம்பெனியில் மண் வெட்டியவர்.

"மலையடிவாரத்துல பொறந்தவரு. நீச்சல் தெரியாது. பட்டாளம் திரும்பி வரப்போ ஒரு பெரிய ஆத்தைத் தாண்டணுமாம். மூங்கில் தெப்பத்துல இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடம். உங்க தாத்தா ஏறி உக்காந்துட்டாராம். அப்புறம் கரையில எங்கப்பா நிக்கிறதைப் பாத்துட்டு எறங்கிட்டாராம். 'நான் காவேரிக்காரன்யா, நீந்தி வரேன். நீ ஏறு'ன்னாராம். அவ்வளவுதான். எங்கப்பா அக்கரையில ரெண்டு நாள் உக்காந்திருந்தாரு. அவர் வரல."

"அது என்னிக்கு?"

"தேதியா? மழை பிடிக்கிற சமயம்னு மட்டும் சொல்வாரு. அவருக்கே தெரியாது தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர், நடுவே ஒரே ஒரு பாலம். "ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"வந்தாரு. நாப்பத்தாறுல, பட்டாளத்து உடுப்போட, உங்க தெரு முனை வரைக்கும் வந்தாரு. உடுப்பைப் பாத்துட்டு உங்க பாட்டி வாசல்லேர்ந்து ஓடி வந்தாங்களாம். கிட்ட வந்து முகத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்களாம். செத்துட்டார்னும் சொல்ல முடியல, வருவார்னும் சொல்ல முடியல. ஒண்ணும் பேசாமத் திரும்பிட்டாரு. சாகுற வரைக்கும் அதைச் சொல்லி அழுதாரு."

பிறகு ஊரை விட்டு ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார் பெரியண்ணன். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்பது அவர்கள் வழக்கம். வருடா வருடம் அன்றைக்கு அம்மாமண்டபம் படித்துறையில் தன் அப்பன், பாட்டன் பேரெல்லாம் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டபின், கடைசியாக "நத்தர்ஷா" என்பாராம்.

"ஐயரு மொத வருஷம் ஒரு மாதிரி பாத்தாராம். அப்புறம் எங்கப்பா மறந்தாக்கூட அவரே எடுத்துக் குடுப்பாரு. இப்ப இவன் செய்யிறான்" என்று மகனைக் காட்டினார். "அப்பா மட்டும் முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்கவே மாட்டாரு. காவேரிக் கரையில நாப்பத்தஞ்சு வருஷம் இருந்தும் நீச்சல் கத்துக்கல."

4

திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஊர்ந்தது. கீழே தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, தாடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. ஆனாலும் தலை ஒன்று மேலே தெரிகிறதா என்று தேடினேன். நன்னா எனக்கு வேண்டும். ஈரத் தலையோடு படியேறி வந்து, 'யார்றா நீ, கமருன்னிசா மவனா?' என்று கேட்க வேண்டும். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பாதி ஆற்றில் கை ஓய்ந்துபோய்

(எழுத முடியவில்லை.)

இரண்டாம் முடிவு: எங்கோ கரையேறி, அந்த ஊரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பேரன் பேத்திகளோடு

(அடித்துவிட்டேன். வாசலில் அத்தனை வருடம் காத்திருந்த நன்னிக்கு இப்படி ஒரு பதிலைக் கொடுக்க எனக்கு மனமில்லை.)

மூன்றாம் முடிவு: மே மூன்றாம் தேதி அதிகாலை. இது ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

5

வரும் வியாழன் பிறை பதினாறு. அரிசி வந்துவிட்டது, தால்ச்சாவுக்குக் கறி சொல்லியாயிற்று. அம்மா வெள்ளைச் சேலை ஒன்றைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறார்.

"ஸ்ரீரங்கத்துல என்ன சொன்னாங்க?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். "நல்லாப் பேசினாங்கம்மா" என்றே நாலு தடவையும் சொன்னேன்.

என் சங்கடம் இதுதான். அம்மாவுக்கு அவருடைய அத்தா பேசிய ஒரு சொல்கூடக் கிடையாது. இப்போது என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது: "நான் காவேரிக்காரன்யா, நீந்தி வரேன். நீ ஏறு." இதைக் கொடுத்தால் அடுத்த கேள்வி, "அப்ப மே மூணுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்பதாகத்தான் இருக்கும். கேஸ் ரசீது என்று சொல்ல வேண்டிவரும். பாத்திஹா நின்றுவிடும். நன்னா மறுபடியும் நடு ஆற்றுக்குப் போய்விடுவார். வாக்கியத்தைக் கொடுத்தால் தேதி போகும், தேதியை விட்டுவைத்தால் வாக்கியம் என்னோடு போகும்.

வாசகரே, வழக்கம்போல் முடிவை உங்களிடம் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மன்னிக்க வேண்டும், உங்களுக்கு முன் ஒருவர் இருக்கிறார்.

டீச்சர், நாளைச் சாயங்காலம் இதை உங்கள் மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். அம்மாவுக்குத் தேதிதான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், இதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பழைய கதையையே இன்னொரு தரம் வாசியுங்கள். அவருடைய அத்தாவின் குரல்தான் வேண்டும் என்று தோன்றினால், முதல் பகுதியிலிருந்தே ஆரம்பித்து ஒரு வரி விடாமல் வாசியுங்கள். ஒற்றுப்பிழைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் செருப்பு எங்கள் வாசலில் கிடந்தால் நான் உள்ளே வரமாட்டேன். தெரு முனையில் நிற்பேன். பெரியண்ணன் நின்ற இடம்தான். அந்த மனிதர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. வாசித்து முடித்ததும் அம்மாவை மட்டும் வாசலுக்கு வரவிடாதீர்கள், டீச்சர். என் முகத்தைப் பார்த்துவிடுவார்.